ரோட்டுக்கு அந்தப் பக்கத்து இயக்கம்

கொல்லிமலைக்கு எனக்கு முதல் போஸ்டிங் கிடைத்தபோது என் அப்பா திருச்சியில் எல்லோரிடமும், "மலைமேல குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா மட்டும் ஜெபம் பண்ணினாள். தோட்டக்கலை உதவி அலுவலர் என்பது என் பதவி. மிளகுக்கொடிக்கு எப்போது உரம் வைப்பது, மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று மலையின் ஊர்த்தொகுதிகளான வாழவந்தி நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் தோட்டம் தோட்டமாக ஸ்கூட்டரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்த விவசாயிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள்.

வந்த முதல் வாரமே ஸ்கூட்டர் பஞ்சர். பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பஞ்சர் கடை இருந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவர், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, "ஒரு மணித்தியாலம் ஆகும் தங்கச்சி" என்றார்.

மணித்தியாலம் என்ற சொல்லை நான் ரேடியோவில்தான் கேட்டிருக்கிறேன். "நீங்க சிலோனா அண்ணே?" என்றேன்.

"இலங்கை" என்று திருத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈழம்" என்று அதையும் திருத்தினார்.

ஒரு மணி நேரத்தைப் போக்க வேண்டுமே என்று ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த பேக்கரிக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் மாவுக் கையோடு நின்ற மனிதர், "பாண் சூடா இருக்கு பிள்ளை, எடுக்கட்டோ?" என்றார். அதே பேச்சு, அதே இழுப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எதிர்த்த கடை அண்ணனும் நீங்களும் ஒரே ஊரா?" என்று கேட்டுவிட்டேன்.

கையில் எடுத்த பாண் ரொட்டியை அவர் மறுபடி அலமாரிக்குள்ளேயே வைத்தார்.

"எந்த எதிர்த்த கடை?" என்றார்.

அந்த ரோட்டில் ஒரு பஸ் வந்தால் எதிரே வரும் ஆடு ஒதுங்க வேண்டும். அவ்வளவுதான் அகலம். அவர் கண்ணுக்கு நேராகத்தான் அந்த மனிதர் என் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரரின் மனைவி திருப்புலி நாட்டுக்காரி. அவள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மிணி, அந்தக் கடைப் பேச்சை இங்க எடுக்காதீங்க. அப்புறம் இவரு அடுப்புல இருக்கறதையெல்லாம் கருக்கிப்போடுவாரு" என்றாள்.

அவளிடமிருந்தும், டீ குடிக்க வருகிறவர்களிடமிருந்தும், கடைசியில் அவர்கள் இருவரிடமிருந்துமே நான் கதையைத் துண்டு துண்டாகப் பிடுங்கிச் சேர்த்தேன்.

எண்பதுகளில் அவர்கள் ஊரில் தனிநாடு கேட்டு ஒன்றல்ல, பல இயக்கங்கள் கிளம்பியிருந்தன. நாடு வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மற்ற எதிலும் யாருக்கும் ஒரே கருத்து இல்லை. பேக்கரிக்காரர் ஏன் அவருடைய இயக்கத்தில் சேர்ந்தார் என்று கேட்டேன். கொள்கை, கோட்பாடு என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"என்ர சிநேகிதனிட்டத்தான் சைக்கிள் இருந்தது பிள்ளை. அவன் அந்த இயக்கத்துக்குப் போனவன். நான் பின்னால ஏறி இருந்தனான்."

பஞ்சர் கடைக்காரரின் காரணம் அதைவிட அழகு. "எங்கட பள்ளிக்கூட மதிலில எல்லா இயக்கமும் எழுதினது. இவங்கள்தான் எழுத்துப் பிழையில்லாமல், வடிவான கையெழுத்தில எழுதினவங்கள்."

இப்படி ஒருவர் சைக்கிளாலும் ஒருவர் கையெழுத்தாலும் போராளி ஆனார்கள். பேக்கரிக்காரரைப் பயிற்சிக்கென்று படகில் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். புளியஞ்சோலைப் பக்கம் மலையடிவாரத்தில் முகாம். துப்பாக்கி வரும், வரும் என்றார்கள். வரும்வரை மரத்தில் செதுக்கிய துப்பாக்கியோடு ஓட வேண்டும். இவர் ஓட்டத்தில் பின்தங்கியதால் சமையலுக்கு மாற்றிவிட்டார்கள். எண்ணெய் டிரம்மை அடுப்பாக்கிப் பாண் சுடக் கற்றுக்கொண்டது அங்கேதான். கடைசிவரை துப்பாக்கி வரவில்லை. செய்திதான் வந்தது. பெரிய இயக்கம், அதாவது பஞ்சர் கடைக்காரரின் இயக்கம், இவருடைய இயக்கத்தை அங்கே ஊரில் சில நாட்களில் அழித்துவிட்டது. சைக்கிள்காரச் சிநேகிதனைத் தெருவில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். முகாமில் இருந்தவர்களிடம், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் கீழே இறங்கினார்கள். இவர் மேலே ஏறினார்.

பஞ்சர் கடைக்காரர் மலைக்கு வந்தது சில வருடங்கள் கழித்து. பெரிய இயக்கத்தின் வண்டிப் பட்டறையில் அவர் மெக்கானிக். ஷெல் துண்டு ஒன்று காலில் ஏறியதால் சண்டைக்கு அனுப்பாமல், படகு மோட்டாருக்கு உதிரிபாகம் வாங்கிவர இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். பாகங்கள் போய்ச் சேர்ந்தன. இவர் போக வேண்டிய படகு வரவில்லை. "உத்தரவு வரும்வரை நில்" என்று தகவல் வந்தது. அதோடு இங்கே கெடுபிடி அதிகமாகி, இயக்கம் என்று சொன்னாலே பிடித்துப் போகும் காலம் வந்துவிட்டது. மரவள்ளி ஏற்ற மலைக்கு வந்த ஒரு காலி லாரியில் ஏறி ஒளிந்தார். வாழவந்தி நாட்டில் லாரி பஞ்சரானது. இறங்கி ஒட்டுப் போட்டார். அப்படியே தங்கிவிட்டார். எதிரே பேக்கரியில் இருப்பவர் யாரென்று தெரிந்தபோது கடைக்குக் கூரை போட்டாகிவிட்டது.

"அப்ப நீங்க இயக்கத்தை விட்டுட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"எப்பிடி விடுறது? என்னை இன்னும் யாரும் விடுவிக்கேல்லையே. உத்தரவு வரேக்க நான் இங்க இருக்க வேணுமெல்லோ?" என்றார். பதினேழு வருடமாக அவர் டியூட்டியில்தான் இருந்தார்.

மாதம் ஒருமுறை கீழிருந்து ஒரு உளவுப் போலீஸ்காரர் மப்டியில் வருவார். அது மப்டி என்று அவர் ஒருவர்தான் நம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீ குடிப்பவர்கள், "ஏனுங்க சார், இந்த மாசம் லேட்டுங்களா?" என்பார்கள். ஒருநாள் பேக்கரி பெஞ்சில் அவர் அறிக்கை எழுதும்போது எட்டிப் பார்த்தேன். 'மேற்படி இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆகவே கூட்டுச் சதிக்கு வாய்ப்பில்லை' என்று எழுதியிருந்தார்.

எனக்கு இருபத்தாறு வயது. மலையில் பொழுது போகாது. கைகளைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. வாயையும்தான்.

பேக்கரிக்காரர் எதிர்க் கடையைப் பார்க்கமாட்டாரே தவிர, திட்டாமல் இருக்கமாட்டார். "அவனிட்டச் சொல்லுங்கோ பிள்ளை, அவன் போடுற ஒட்டும் அவன்ர இயக்கம் குடுத்த வாக்கும் ஒண்டுதான். நாலு நாள் தாங்காது" என்பார். நான் ரோட்டைத் தாண்டிப் போய், "அண்ணே, நீங்க போடுற ஒட்டு பத்தி பேக்கரி அண்ணன் சொன்னாரு. நல்லா நிக்குதாம்" என்பேன்.

பஞ்சர் கடைக்காரரின் கை அப்படியே நிற்கும். "அவனோ சொன்னவன்?"

"ஆமாண்ணே."

"அந்தப் பாணைச் சுவருக்கு எறிஞ்சால் சுவர்தான் உடையும் எண்டு சொல்லுங்கோ" என்பார், ஆனால் கொஞ்சம் சுரத்து குறைந்திருக்கும். நான் திரும்பி வந்து, "உங்க பாண் வாசம் ரோடு தாண்டி வருதாம். ஊர் ஞாபகம் வந்துடுதாம்" என்பேன். பேக்கரிக்காரர் மாவைப் பிசைவார். அன்றைக்குப் பிசைவது வழக்கத்தைவிட நீளமாக இருக்கும்.

இப்படி நாலு மாதம் ஓடியது. எனக்குள் ஒரு பெரிய சமாதானத் தூதர் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. என்னைப்போல் கீழிருந்து வந்த நர்ஸ், டீச்சர் என்று சிலருக்காகப் பேக்கரிக்காரர் பிளம் கேக் போடுவார். எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டைத் தாளில் மடித்தார். "வாசம் போகுதெண்டு சொன்னவனெல்லே. குடுங்கோ" என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பஞ்சர் கடைக்காரர் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கவில்லை. டியூப் டப்பா மேல் வைக்கச் சொல்லி, சைக்கிள் கம்பி ஒன்றால் கேக்கை நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். பிறகு, "முதல்ல நீங்க சாப்பிடுங்கோ தங்கச்சி" என்றார்.

பாதி சாப்பிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் என்னையே கவனித்தார்.

"ஒண்டும் செய்யேல்லையே?"

"இல்லண்ணே. நல்லா இருக்கு."

"மிச்சத்தையும் சாப்பிடுங்கோ. மெதுவா வேலை செய்யிற மருந்தும் இருக்கு."

சாப்பிட்டு முடித்தேன். ஆக, அந்தக் கேக்கை அவர் கடைசிவரை ருசி பார்க்கவில்லை. மறுநாள் காலை நான் பஸ்ஸுக்காக நின்றபோது, பல வருடங்களில் முதல்முறையாகப் பேக்கரிக்காரர் ரோட்டுக்குக் குறுக்கே குரல் கொடுத்தார். "கேக் எப்பிடி?"

பஞ்சர் கடைக்காரர் எழுந்து நடு ரோட்டுக்கு வந்தார். "கேக்கோ? உன்னட்ட நான் கேட்டனானோ?"

"நீதானே என்ர பாண் மணக்குதெண்டு சொன்னனீ?"

"நானோ? சுவருக்கு எறியத்தான் சொன்னனான்! நீதானே என்ர ஒட்டு நல்லா நிக்குதெண்டு..."

"நாலு நாள் தாங்காது எண்டெல்லோ சொன்னனான்!"

இருவரும் பேச்சை நிறுத்தி ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பஸ் வருகிறதா என்று நான் அக்கறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இருவரும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான். என்னோடு பேசக் கூடாது என்பது அந்த விஷயம். இரண்டு வாரம் எனக்கு ஒட்டும் இல்லை, பாணும் இல்லை. பேக்கரிக்காரரின் மனைவிதான் சேலைத் தலைப்பில் இரண்டு பன்னை மறைத்துக் கொண்டுவந்து, "தின்னுங்க கண்ணு. ஆனா இனிமே கொஞ்சம் நிசத்தையும் கலந்து சொல்லுங்க" என்றாள்.

நான் விளையாடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் அங்கே கடலுக்கு அப்பால் பெரிய இயக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடைச் சுவரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் இலங்கை வரைபடம் ஒன்று உண்டு. இயக்கத்தின் கையில் இருக்கும் இடங்களின்மேல் அவர் கறுப்பு ஒட்டு ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார். நான் முதலில் பார்த்தபோது வடக்கில் பெரிய கறுப்புத் திட்டு. பிறகு வாரத்துக்கு ஒரு துண்டு உரிந்தது. நான் கேட்காமலே, "இது தந்திரம். உள்ளுக்கு விட்டு அடிப்பாங்கள்" என்பார். சித்திரை வெயிலில் பார்த்தபோது கடற்கரையோரம் நகத்தளவு மட்டும் இருந்தது. அதற்குள்தான் அவருடைய அக்காவும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் தந்திரம் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று டீக்கடை டிவியில் சொன்ன அந்த மே மாதக் காலையில் நான் பயந்துகொண்டேதான் போனேன். பேக்கரிக்காரர் பட்டாசு வெடிப்பார், எதிரே கடை மூடியிருக்கும் என்று நினைத்தேன். பேக்கரியின் ஷட்டர் இறங்கியிருந்தது. பஞ்சர் கடை திறந்திருந்தது.

பேக்கரிப் படியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஒரு விவசாயி, "ஏனுங்க, எதிராளிங்க தோத்துப்போட்டாங்க. உங்க ஊட்டுக்காரரு எதுக்குங்க கடையைச் சாத்திப்போட்டாரு?" என்று கேட்டார்.

"நேத்துலிருந்து சோறு திங்கலீங்க. கேட்டா, 'அவங்க என் சிநேகிதனைக் கொன்னவங்கதான். ஆனா உள்ள மாட்டிச் செத்தது எங்க சனந்தானே'ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நீங்க போய்ட்டு நாளைக்கு வாங்க."

பஞ்சர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து, எதுவும் கேட்காமல் என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றினார். காற்று நன்றாகத்தான் இருந்தது. டியூபை உருவித் தண்ணீரில் முக்கினார். குமிழி வரவில்லை. திருப்பித் திருப்பி முக்கினார். ஒரு மணி நேரம் இல்லாத ஓட்டையைத் தேடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் எனக்கு வாய் திறக்கத் தோன்றாத நாட்களில் அது ஒன்று.

டியூபைத் துடைத்துக்கொண்டே, "இனி எனக்கு உத்தரவு வராது போல தங்கச்சி" என்றார்.

ஐந்தாறு வாரம் கழித்துப் பேக்கரிக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஊரில் இருக்கும் மச்சான், கொழும்பில் இருக்கும் யாரோ, கனடாவில் இருக்கும் இன்னும் யாரோ என்று ஒரு மாதமாக அவர் போனில் தேடியிருக்கிறார். "அவன்ர அக்காவும் ரெண்டு பிள்ளையளும் அகதி முகாமில உயிரோட இருக்கினமாம். நான் சொன்னது எண்டு சொல்ல வேண்டாம். விளங்கினதோ?"

அந்தச் செய்தியை மட்டும் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் கொண்டுபோனேன். 'நான் சொன்னது எண்டு சொல்ல வேண்டாம்' என்பதையும் சேர்த்தே சொன்னேன். பஞ்சர் கடைக்காரர் வெகுநேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பேக்கரிக்காரர் அடுப்படியில் ஒளிந்துகொண்டிருந்தார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. கல்யாணம், நாமக்கல், துறையூர் என்று சுற்றிவிட்டுச் சில வருடங்களுக்குமுன் பதவி உயர்வோடு மறுபடி மலைக்கே வந்தேன். ரோடு அகலமாகியிருந்தது. இரண்டு கடையும் அப்படியே இருந்தன. இருவர் தலையும் நரைத்திருந்தது. நல்லது கெட்டதுக்குத் தலையசைப்பு வரை முன்னேறியிருந்தார்கள். பேச்சு இல்லை.

பேக்கரிக்காரரின் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று போனில் சொன்னாராம். போவதற்குச் சென்னையில் அவர்கள் நாட்டு அலுவலகத்தில் காகிதம் வாங்க வேண்டும். இவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அது அந்தப் பயிற்சி முகாமிலேயே நனைந்து கூழாகிப்போனது. அப்படியானால் சொந்த ஊரில் குடும்பத்தை நேரில் அறிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இந்த மலையில என்ர ஊரைத் தெரிஞ்சவன் எவன் இருக்கிறான் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு இருவரும் ஒரே திசையைப் பார்த்தோம்.

என் அலுவலக அறையில் சந்திப்பு. பேக்கரிக்கு வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை, பஞ்சர் கடைக்குப் போக இவர் ஒப்புக்கொள்ளவில்லை. மிளகு நாற்றுப் பைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி போட்டு, வெளிநாட்டு மத்தியஸ்தர் மாதிரி நான் நடுவில் பேனாவோடு உட்கார்ந்தேன். படிவத்தில் முதல் கேள்வியே சிக்கல். விண்ணப்பதாரரை உங்களுக்கு எவ்வாறு தெரியும்?

"நண்பர்னு போடட்டுமா?" என்றேன்.

"இல்லை" என்றார்கள் இருவரும்.

"உறவினர்?"

இருவரும் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"குடும்பத்தை நேரில் தெரியுமான்னு கேட்டிருக்காங்க அண்ணே. வீடு எப்படி இருக்கும், யார் யார் இருந்தாங்கன்னு எழுதணும். பொய் எழுத முடியாது" என்றேன். நான் அதைச் சொன்னபோது இருவருமே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பஞ்சர் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "எழுதுங்கோ தங்கச்சி. கிழக்குப் பார்த்த வீடு. முன்னுக்கு வாசலில தகரப் படலை. கிணத்தடியில ஒரு தேசிக்காய் மரம், உங்கட எலுமிச்சை. தாய் கொஞ்சம் உயரம், நெத்தியில ஒரு தழும்பு இருக்கு. அடுப்படிக்குப் பின்னால ஒரு சின்ன வாசல், அதால ஓடினால் பனங்காணிக்குள்ள போகலாம்."

பேக்கரிக்காரரின் முகம் மாறியது. "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்தனான்."

"எப்ப?"

"உங்கட ஆக்களைத் தேடேக்க. எனக்குத் தந்த லிஸ்டில உன்ர பேரும் இருந்தது. நாலு பேர் வந்தனாங்கள்."

பேனாவை மூடுவதா திறந்து வைத்திருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா என்ன சொன்னவ?" என்று பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோடா எண்டு சொன்னவ. கழட்டினனாங்கள். வீடு முழுக்கத் தேடினம். நீ இந்தியாவுக்குப் போட்டாய் எண்டு சொன்னவ. பேந்து தேத்தண்ணி தந்தவ. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடியுங்கோ எண்டவ." நாற்றுப் பை ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினார். "நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது. அதைக் கேட்காதை."

பேக்கரிக்காரர் கேட்கவில்லை. நாற்றுப் பையிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிக் கீழே போட்டார். "அவன் சொன்னதெல்லாம் சரி பிள்ளை. அந்த வாசலால ஓடினால் பனங்காணிதான். எழுதுங்கோ" என்றார்.

எவ்வாறு தெரியும் என்ற இடத்தில் நான், 'இவர் வீட்டுக்குச் சென்றிருக்கிறேன். இவருடைய தாயார் தேநீர் கொடுத்தார்' என்று எழுதினேன். இரண்டும் உண்மை. பஞ்சர் கடைக்காரர் கீழே கையெழுத்துப் போட்டார். கோழி கிறுக்கின மாதிரி இருந்தது. மதில் எழுத்தின் அழகில் மயங்கி இயக்கத்துக்குப் போனவரா இவர் என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் போலீஸ்காரர் வியர்க்க விறுவிறுக்க என் அறைக்கு வந்தார். "மேடம், ரெண்டு பேரும் ஒரு ரூம்ல உக்காந்து ஒன்றரை மணி நேரம் பேசினாங்களாமே? நான் மேல என்ன எழுதறது?"

"மிளகுச் சாகுபடி பயிற்சின்னு எழுதுங்க சார்" என்றேன். அப்படியே எழுதினார்.

பேக்கரிக்காரர் போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தார். மனைவி இங்கே இருப்பதால் திரும்பி வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் தினமும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இறங்கியதும் அவர் பேக்கரிக்குப் போகவில்லை. பையோடு நேரே பஞ்சர் கடைக்குள் நுழைந்து டயர் மேல் உட்கார்ந்தார். நான் அங்கேதான் இருந்தேன். என்னை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

"உன்ர வீட்டடிக்குப் போனனான்" என்றார். "பழைய வீடு இல்லை, அத்திவாரம் மட்டும்தான் கிடக்கு. அதில உன்ர அக்கா தகரம் போட்டு ஒரு வீடு கட்டியிருக்கிறா. பிள்ளையள் வளந்திட்டினம். மூத்தவள் கொழும்பில வேலை."

பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "அக்கா என்ன கேட்டவ?"

"தம்பி சாப்பிடுறவனோ எண்டு கேட்டவ. கல்யாணம் கட்டேல்லை, ஆள் மெலிஞ்சு போனான் எண்டு சொன்னனான்."

"மெலிஞ்சு போனன் எண்டு ஏன் சொன்னனீ? அவ அழுவா எண்டு தெரியாதோ?"

"மெலிஞ்சுதானே போனாய்!"

"உன்ர பாணைத் திண்டிருந்தால் வீங்கியிருப்பன்!"

அன்றைக்குப் பிடித்த சண்டை இன்னும் நிற்கவில்லை. எந்த இயக்கம் முதலில் தப்புச் செய்தது, எந்த வருடம் யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள், தனிநாடு கிடைத்திருந்தால் யாருக்கு எந்த மந்திரி பதவி என்று தினமும் காலை பத்து மணிக்குப் பேக்கரி பெஞ்சில் ஆரம்பிக்கிறது. மலைக்காரர்கள் டீயை ஆற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். செத்துப்போன சிநேகிதனின் பேச்சு வந்தால் மட்டும் இருவரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் எழுந்து போய் எதையாவது தட்டிக்கொண்டிருப்பார். இவர் அடுப்பைப் பார்ப்பார். மறுநாள் பத்து மணிக்கு மறுபடி பெஞ்சு.

போன மாதம் நான் போனபோது பேக்கரிக்காரரின் மனைவி கல்லாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் சண்டை உச்சத்தில் இருந்தது. "ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சுங்க அம்மிணி. உங்களாலதான் எல்லாம்" என்றாள் என்னைப் பார்த்து. சொல்லிவிட்டு இரண்டு தட்டில் சோறு போட்டு, பெஞ்சில் அவர்கள் நடுவே கொண்டுபோய் டங்கென்று வைத்தாள்.